கணக்குப் போடுவது சுலபம், கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு

ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு சூப்பர் கம்ப்யூட்டரில் முதன்முதலாக அக்கவுன்ட் கிடைக்கிறது. மடிக்கணினியில் இரண்டு நாள் ஓடிய தன் பைத்தான் நிரலை அப்படியே கொண்டுபோய் ஏற்றுகிறார். மூன்று நாள் ஆகிறது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நிர்வாகிக்கு மின்னஞ்சல் போகிறது. கோளாறு ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிற ஊரிலெல்லாம் நடக்கிற கதை இது.

சூப்பர் கம்ப்யூட்டரின் ஒரு கோர், அதாவது சிபியு சில்லுக்குள் தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஒரு பிரிவு, பெரும்பாலும் 2 முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். நல்ல மடிக்கணினியின் கோர் தேவைப்பட்டால் 4.5, 5 என்று எகிறும். மாணவரின் நிரலுக்கு ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தத் தெரியும். அதே பெட்டியில் மிச்சமிருந்த கோர்களும், பக்கத்து ரேக்குகளில் இருந்த பல்லாயிரம் கோர்களும் சும்மா கிடந்தன. யாரும் அவற்றுக்கு வேலை சொல்லவில்லை.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1976இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு வந்த கிரே-1 உண்மையிலேயே வேகமான தனிக் கணினி. 80 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு அதிகபட்சம் 16 கோடி தசமக் கணக்குகள். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போன் அதைப் பல மடங்கு மிஞ்சிவிடும். அதற்குப் பிறகு முப்பது ஆண்டு காலம் சில்லுகளின் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. நிரலை மாற்றாமல் சும்மா இருந்தாலே போதும், அடுத்த ஆண்டு வாங்கும் கணினியில் அது வேகமாக ஓடும். 2005 வாக்கில் அந்தச் சுகம் முடிந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கான மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம் என்ற வசதி தீர்ந்துபோய், துடிப்பைக் கூட்டினால் சில்லு வெந்துபோகும் என்ற இடம் வந்துவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸை நெருங்கிய துடிப்பு அதன்பிறகு பெரிதாக நகரவில்லை. ஒரு கோரை வேகமாக்க முடியாதவர்கள் ஒரே சில்லில் இரண்டு, நான்கு, அறுபத்துநான்கு கோர் என்று பெருக்கத் தொடங்கினார்கள்.

பெருக்கும் யோசனை அதற்கு முன்பே ஆய்வகங்களில் இருந்தது. 1994இல் நாசாவின் காடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கடையில் கிடைக்கும் 486 சில்லுக் கணினிகள் பதினாறை ஈதர்நெட் கேபிளால் இணைத்து, லினக்ஸ் போட்டு, பேவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கிளஸ்டர்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் இதே வழியில் 144 கணினிகளை இணைத்து ‘கப்ரு’ என்ற கிளஸ்டரைக் கட்டியது. குவார்க்குகளுக்கு இடையிலான விசையை ஆராயும் லாட்டிஸ் கணக்குகளுக்காக இயற்பியலாளர்களே கட்டிக்கொண்ட அது, உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது.

இந்தியாவின் கதை என்றால் உடனே அமெரிக்கா கிரே தர மறுத்ததும், புணேயில் சி-டாக் நிறுவனம் விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000-ஐச் செய்துகாட்டியதும்தான் வரும். அடி வாங்கி எழுந்த கதை என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. முழுதாக மறுத்துவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. வானிலைக் கணிப்புக்காக ஒரு கிரே எக்ஸ்-எம்பி டெல்லிக்கு வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பரம், டிரான்ஸ்பியூட்டர் என்ற பிரிட்டிஷ் சில்லுகளைப் பல எண்ணிக்கையில் கோத்துக் கட்டப்பட்டது. பெரிய ஒற்றைக் கணினிக்கே மவுசு இருந்த நாளில், கூட்டத்தை நம்பிப் போட்ட பந்தயம் அது. கடைசியில் உலகம் முழுவதும் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தது.

கூட்டத்தை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது என்பதை இயந்திரம் வருவதற்கு முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் பிரான்ஸ் முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதியின் ஐரோப்பிய வானிலையை ஆறு மணி நேரத்துக்கு மட்டும் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. புயலில்கூட அப்படி ஒரு மாற்றம் ஆறு மணி நேரத்தில் நடக்காது. அந்தத் தோல்வியையும் மறைக்காமல் 1922இல் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு கற்பனை வருகிறது. பூமியின் வரைபடம் உட்சுவரெங்கும் தீட்டப்பட்ட வட்டமான பெரிய அரங்கு. அதில் 64,000 பேர். ஒவ்வொருவரும் தமக்கென ஒதுக்கிய நிலப்பகுதிக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். போட்ட விடையை அக்கம்பக்கத்தார் படிக்கும்படி சிறு பலகையில் காட்டுகிறார்கள். நடுவில் மேடைமேல் நிற்பவர் முந்திப் போகிறவர்கள் மேல் ஒரு நிற ஒளியையும் பின்தங்குகிறவர்கள் மேல் வேறொரு நிற ஒளியையும் பாய்ச்சி, எல்லோரையும் ஒரே கதியில் வைக்கிறார்.

இன்றைய வானிலை நிரல்களும் இந்த அமைப்பில்தான் ஓடுகின்றன. நிலத்தைத் துண்டுபோடு, துண்டுக்கு ஒரு கோரை வை, எல்லையில் உள்ள விடைகளை மட்டும் அண்டைத் துண்டுக்குக் கொடு, எல்லோரும் முடிக்கும்வரை காத்திரு, அடுத்த படிக்குப் போ. பலகையில் எழுதிக் காட்டும் வேலையை இப்போது எம்பிஐ என்ற செய்தி பரிமாற்ற முறை செய்கிறது. 1994இல் தரப்படுத்தப்பட்ட அது, இத்தனை புது மொழிகள் வந்துபோன பிறகும் அசையாமல் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் கோர்களுக்குப் பலகை தேவையில்லை. அங்கே ஓபன்எம்பி என்ற எளிய வழி உண்டு.

ஏன் இவ்வளவு பேர் வேண்டும்? இந்திய வானிலைக் கணிப்பில் கட்டத்தின் அகலம் சமீபம்வரை 12 கிலோமீட்டர். அப்படி ஒரு கட்டத்துக்குள் மெரினாவும் கிண்டியும் சேர்ந்தே அடங்கிவிடும், இரண்டுக்கும் ஒரே மழைதான் சொல்ல முடியும். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு முறையில் அது 6 கிலோமீட்டர் ஆனது. அகலம் பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்காகும். அதோடு விடாது. கட்டம் சிறிதானால் காற்று அதைக் கடக்கும் நேரமும் குறைகிறது, எனவே காலத்தையும் பாதிப் பாதியாக நறுக்கி நடக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு வெடித்துவிடும். ஆக எட்டு மடங்கு வேலை. உயரவாக்கில் அடுக்குகளையும் இரட்டித்தால் பதினாறு. புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துக்கு 2024இல் 11.77 பெட்டாஃப்ளாப் திறன் கொண்ட ‘அர்கா’ வந்தது இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டால்தான். ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி தசமக் கணக்குகள், அதாவது ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழி.

துண்டுபோடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கத்துக்கு 100 புள்ளி கொண்ட ஒரு கனசதுரத்தை ஒரு கோருக்குக் கொடுங்கள். உள்ளே 10 லட்சம் புள்ளி. ஆறு பக்கத்திலும் அண்டையிடமிருந்து வாங்க வேண்டியவை 60,000. வேலைக்கு 6 சதவீதம் பேச்சு. நியாயம்தான். இன்னும் வேகம் வேண்டும் என்று கோர்களை ஆயிரம் மடங்காக்கினால், ஒவ்வொருவருக்கும் பக்கத்துக்கு 10 புள்ளி கொண்ட குட்டிக் கனசதுரம் வரும். உள்ளே 1,000 புள்ளி, வாங்க வேண்டியவை 600. வேலைக்கு 60 சதவீதம் பேச்சு. நெட்வொர்க்கில் செய்தி போய்வரும் நேரத்தில் கோர் ஆயிரக்கணக்கான கணக்கு போட்டு முடித்திருக்கும், ஆனால் அண்டை வீட்டு எண் வராமல் அடுத்த படிக்கு நகர முடியாது. கோர் கூடக்கூட நிரல் மெதுவாகிற விந்தையை இந்த இடத்தில் பார்க்கலாம். இன்ஃபினிபேண்ட் போன்ற விலையுயர்ந்த நெட்வொர்க்குக்கு ஏன் அவ்வளவு பணம் கொட்டுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்.

பிரிக்கவே முடியாத பகுதி என்று ஒன்றும் எந்த நிரலிலும் இருக்கும். கிணறு வெட்ட நூறு பேரைக் கூட்டி வந்தாலும் அடியில் நின்று கடப்பாரை போட இரண்டு பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் மேலே நின்று மண் வாங்கலாம். 1967இல் ஜீன் ஆம்டால் இதைச் சூத்திரமாக்கினார். நிரலில் 5 சதவீதம் மட்டும் பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோர் கொடுத்தால் வேகம் 9 மடங்கு கூடும். 64 கொடுத்தால் 15 மடங்கு. 1,000 கொடுத்தாலும் 20ஐத் தொடாது. தரவைப் படித்து ஏற்றுவதும் கடைசியில் விடையை ஒரே கோப்பில் எழுதுவதும்தான் பல நிரல்களில் அந்த 5 சதவீதம். யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இருபது ஆண்டு கழித்து ஜான் கஸ்டாஃப்சன் மறுபக்கம் நின்று பேசினார். பெரிய கணினி கிடைத்தால் யாரும் பழைய கணக்கையே சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, பெரிய கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு வளர்ந்தால் பிரிக்கக்கூடிய பகுதிதான் வளரும், பிரிக்க முடியாதது ஏறத்தாழ அப்படியே இருக்கும். சாண்டியா ஆய்வகத்தில் 1,024 செயலிகளை வைத்து ஆயிரம் மடங்கை எட்டிக் காட்டினார்கள். இரண்டுமே சரி. உங்களுக்கு வேண்டியது அதே விடை சீக்கிரமா, அதே நேரத்தில் பெரிய விடையா என்பதைப் பொறுத்து யார் சொல்வது உங்களுக்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்களை நகர்த்தும் செலவு நெட்வொர்க்கோடு நிற்பதில்லை, சில்லுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்த நேரத்துக்குள் ஒரு கோர் பல கணக்குகளை முடித்துவிடும். ஆனால் முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவர ஏறத்தாழ 100 நானோ நொடி. அதனால்தான் சில்லு ஓர் எண்ணைக் கேட்கும்போது அதையடுத்து இருப்பவற்றையும் சேர்த்து 64 பைட் கட்டாக இழுத்து கேஷ் என்ற பக்கத்துப் பரணில் வைத்துக்கொள்கிறது. ஒரு கட்டில் எட்டு தசம எண்கள் அடங்கும். இப்போது 10,000 வரிசையும் 10,000 நெடுக்கும் கொண்ட அட்டவணை ஒன்றைச் சி மொழியில் கூட்டுங்கள். சி வரிசை வரிசையாக அடுக்கும். நீங்களும் வரிசையாக நடந்தால் இழுத்துவந்த எட்டும் பயன்படும். நெடுக்காக இறங்கினால் எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைத் தூக்கி எறிகிறீர்கள். இரண்டு லூப்களின் இடத்தை மாற்றிப் போட்டதற்கு நிரல் பல மடங்கு மெதுவாகும். விடையில் மாற்றமே இருக்காது, ஆகவே யாருக்கும் சந்தேகமும் வராது. ஃபோர்ட்ரானில் அடுக்கு தலைகீழ். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலைப் பெயர்த்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது சகஜம்.

பத்திரிகைகளில் வரும் தரவரிசையை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி தெரியும். 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகும் முதல் 500 பட்டியல், லின்பேக் என்ற சோதனையை வைத்து அளக்கிறது. அடர்த்தியான அணிகளை வைத்துப் போடும் அந்தக் கணக்கில் ஒருமுறை இழுத்துவந்த எண் பலமுறை பயன்படும், அதனால் இயந்திரம் பளபளவென்று ஜொலிக்கும். அமெரிக்காவின் ஃபிரான்டியர் 2022இல் அந்தச் சோதனையில் ஒரு எக்ஸாஃப்ளாப்பை, அதாவது ஆயிரம் பெட்டாஃப்ளாப்பைத் தாண்டியது. ஆனால் உண்மையான பொறியியல் கணக்குகளை ஒத்த எச்பிசிஜி என்ற இன்னொரு சோதனையில் அதே ஃபிரான்டியர் எடுத்தது சுமார் 14 பெட்டாஃப்ளாப். நூற்றில் ஒன்று சொச்சம். மீதி நேரம் முழுக்க எண் வந்து சேரட்டும் என்ற காத்திருப்பு. தலைப்புச் செய்தியில் முதல் எண்தான் வரும். ஆராய்ச்சியாளர் நம்ப வேண்டியது இரண்டாவதை.

ஜிபியுக்களும் இதே நியாயத்துக்கு உட்பட்டவையே. ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பிரிவுகள் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் வேறுவேறு எண்கள் மேல் செய்யும். அணிப் பெருக்கத்துக்கும் நரம்பு வலைக்கும் அபாரம். ‘இப்படியானால் அதைச் செய், இல்லையேல் இதை’ என்று அடிக்கடி கிளை பிரியும் நிரலுக்கு அவ்வளவு ஒத்துவராது. சிபியுவிலிருந்து ஜிபியுவுக்கு எண்களைக் கொண்டுபோவதிலேயே லாபம் கரைந்துபோவதும் உண்டு.

இனி நடைமுறை. கிளஸ்டரில் ஒவ்வொரு பெட்டிக்கும் நோடு என்று பெயர். உள்ளே நுழைந்ததும் நீங்கள் நிற்பது லாகின் நோடில். அது எல்லோருக்கும் பொதுவான திண்ணை. அங்கே நிரலை ஓடவிட்டால் எல்லோர் வேலையும் நிற்கும், நிர்வாகியின் கோபத்துக்கும் ஆளாவீர்கள். ஒரு சிறு ஸ்கிரிப்ட்டில் எத்தனை நோடு, நோடுக்கு எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று எழுதி ஸ்லர்ம் போன்ற அட்டவணை மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். அது க்யூவில் போடும். புதியவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நாள் கேட்பார்கள், வேலை ஐந்து மணி நேரத்தில் முடியும். இது நல்ல பழக்கம் அல்ல. ஏதோ ஒரு பெரிய வேலைக்காக நோடுகள் ஒவ்வொன்றாக ஒதுக்கிவைக்கப்படும்போது நடுவே சில மணி நேர இடைவெளிகள் விழும். ஸ்லர்ம் அவற்றில் சின்ன வேலைகளைச் செருகிவிடும். ஆறு மணி நேரம் கேட்டவர் அப்படி நுழைந்துவிடுவார், மூன்று நாள் கேட்டவர் வெளியே நிற்பார்.

எல்லோரும் எம்பிஐ படித்தாக வேண்டும் என்பதும் இல்லை. மருந்து மூலக்கூறு ஆயிரத்தைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், மரபணு மாதிரி ஐந்நூறை ஒரே விதமாக அலச வேண்டும் என்றால் அவற்றுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. ஜாப் அர்ரே என்ற வசதியில் ஒரே ஸ்கிரிப்ட்டை எண் மாற்றி ஆயிரம் தடவை ஓடவிட்டால் தீர்ந்தது. மூலக்கூறு இயக்கத்துக்கு குரோமாக்ஸ், லாம்ப்ஸ், பாய்ம ஓட்டத்துக்கு ஓபன்ஃபோம் என்று பல்லாண்டு உழைப்பில் செதுக்கிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடக்கின்றன. அவை இருக்கும்போது சொந்தமாக இணை நிரல் எழுதக் கிளம்புவது பெரும்பாலும் முனைவர் பட்டத்தைத் தள்ளிப்போடும் வழி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆயிரம் வேலைகளும் ஆளுக்குப் பத்தாயிரம் குட்டிக் கோப்புகளைக் கொட்டினால், பெரிய கோப்புகளுக்காகக் கட்டப்பட்ட லஸ்டர் போன்ற சேமிப்பு முறை மூச்சுத் திணறும். பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

சேமிப்பைப் பற்றி இன்னொன்று. ஸ்கிராட்ச் என்ற பகுதி விரைவானது, விசாலமானது, ஆனால் அதற்குப் பிரதி கிடையாது. பிரதி இருக்கிறது என்று நம்புகிற இடத்திலும் முழுதாக நம்ப முடியாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பிரதி எடுக்கிற ஸ்கிரிப்ட்டை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய பதிப்பால் மாற்றியிருக்கிறார்கள். பழைய பதிவுக் குறிப்புகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். முக்கியமான விடையை வேறொரு ஊரில், வேறொருவர் பொறுப்பில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அன்று தூக்கம் வந்திருக்கும்.

நீண்ட வேலை என்றால் இடையிடையே நிலையை எழுதிவைக்கும் செக்பாயின்ட் கட்டாயம். ஒரு நோடு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் பழுதாகும் என்றே வைத்துக்கொள்வோம். 10,000 நோடு சேர்ந்து ஓடினால் சராசரியாக நாலரை மணி நேரத்துக்கு ஒன்று படுக்கும்.

விடை சரியா என்று பார்ப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கணினியில் எண்கள் பதினாறு இலக்கத் துல்லியத்தோடுதான் நிற்கும். பத்தின் பதினாறாம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிவிட்டு அதே அடுக்கைக் கழித்துப் பாருங்கள், சுழி வரும். முதலில் கழித்துவிட்டு ஒன்றைக் கூட்டினால் ஒன்று வரும். கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும் என்பதே இதன் பொருள். 64 கோர் தனித்தனியாகக் கூட்டி, யார் முதலில் முடித்தாரோ அவர் விடையை முதலில் சேர்த்தால், நேற்றைய ஓட்டத்துக்கும் இன்றைய ஓட்டத்துக்கும் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகாது. அதற்குப் பதற வேண்டாம். ஆனால் வேறுபாடு எட்டாம் இலக்கத்திலோ ஐந்தாம் இலக்கத்திலோ தொடங்கினால் கணக்கே ஆட்டம் காண்கிறது, அல்லது ஒரு கோர் மற்றதன் எண்ணை மிதிக்கிறது என்று அர்த்தம்.

2015இல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் ஐஐடிகளிலும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பரம் வரிசை இயந்திரங்கள் வந்திருப்பதால், கணிமை நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் வாய்ப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. விண்ணப்பத்தோடு ஸ்கேலிங் வரைபடம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள், கேட்காவிட்டாலும். அதே கணக்கை 1, 2, 4, 8, 16, 32, 64 கோர்களில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. கோடு முதலில் நேராக ஏறும், பிறகு எங்கோ வளையும். எங்கே வளைகிறதோ அதுவரைக்கும்தான் கோர் கேட்க வேண்டும். 32இல் வளைகிற நிரலுக்கு 512 கேட்டால், க்யூவிலும் அதிக நேரம் நிற்பீர்கள், கிடைத்த பிறகும் வேலை சீக்கிரம் முடியாது.